இசைத் திட்டக்கோப்புப் பரிமாற்றத்தின் வரலாறு

இசைத் திட்டக்கோப்புப் பரிமாற்றம் என்பது, ஓர் இசைத் தயாரிப்பு மென்பொருளில் உருவாக்கப்பட்ட பாடலின் வேலைக்கோப்பை மற்றொரு மென்பொருளில் திறந்து, தொடர்ந்து வேலை செய்வதற்கான வழிமுறைகளைக் குறிக்கும். ஒரு மென்பொருளிலிருந்து கோப்பை வெளியே எடுப்பது ஏற்றுமதி எனவும், வேறொன்றுக்குள் கொண்டுவருவது இறக்குமதி எனவும் அழைக்கப்படுகின்றன.

முடிவடைந்த பாடலை எந்தக் கருவியிலும் கேட்கலாம். ஆனால் அந்தப் பாடல் எவ்வாறு கட்டப்பட்டது என்ற விவரம் அடங்கிய வேலைக்கோப்பு, பெரும்பாலும் அதை உருவாக்கிய மென்பொருளில் மட்டுமே திறக்கும். பாமினி, டிஸ்கி முதலிய பழைய குறியீட்டு முறைகளில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கட்டுரையை, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துகளாகத் தெரிவதைப் பலர் கண்டிருப்பர். இசைத்துறையில் இதே சிக்கல் இன்னும் பெரிய அளவில் இருந்து வருகிறது. இதைத் தீர்க்க 1980களிலிருந்து எடுக்கப்பட்ட முயற்சிகளும், அவற்றில் எவை வென்றன, எவை பாதியில் நின்றன என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

திட்டக்கோப்பில் அடங்குபவை

ஒரு திட்டக்கோப்பில் உள்ள தகவல்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் இந்த வரலாறு எளிதில் விளங்கும்.

முதல் அடுக்கு சுரத் தகவல். எந்தச் சுரம், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்துடன், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்னும் கட்டளைகள் இதில் அடங்கும். இது ஒலி அன்று. ஒலியை உண்டாக்குவதற்கான குறிப்பு.

இரண்டாவது அடுக்கு ஒலிப்பதிவு. பாடகரின் குரல், வயலின், மிருதங்கம் போன்றவை ஒலிவாங்கி வழியாகப் பதிவான கோப்புகள் இவை. ஒரு பாடலில் பல தடங்களும், ஒவ்வொரு தடத்திலும் வெட்டி ஒட்டப்பட்ட பல துண்டுகளும் இருக்கும்.

மூன்றாவது அடுக்கு கலவை விவரம். ஒவ்வொரு தடத்தின் ஒலி அளவு, அது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது, எதிரொலி போன்ற விளைவுகள், மென்பொருள் இசைக்கருவிகளின் அமைப்புகள், பாடலின் போக்கில் இவை மாறும் விதம் ஆகியவை இதில் அடங்கும்.

முதல் அடுக்குக்குப் பொதுக் கோப்பு வடிவம் 1988இல் கிடைத்தது. இரண்டாவது அடுக்குக்கு 1990களில் படிப்படியாகக் கிடைத்தது. மூன்றாவது அடுக்கையும் உள்ளடக்கிய திறந்த பொது வடிவம் 2023இல்தான் வெளிவந்தது.

மிடி: கருவிகளுக்கு ஒரு பொதுமொழி

1980களின் தொடக்கத்தில் மின்னணு இசைக்கருவி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் கருவிகளை இணைப்பதற்குத் தனித்தனி முறைகளைக் கையாண்டன. ஒரு நிறுவனத்தின் விசைப்பலகையைக் கொண்டு வேறொரு நிறுவனத்தின் கருவியை இயக்குவது எளிதாக இல்லை. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் சுமித், சக பொறியாளர் செட் வுட் என்பவருடன் சேர்ந்து, 1981இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் மாநாட்டில் ஒரு பொது இணைப்பு முறையை முன்மொழிந்தார். சப்பானின் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இக்குதாரோ காக்கேகாசி இதே நோக்கில் சப்பானிய நிறுவனங்களை ஒருங்கிணைத்தார்.

இதன் விளைவாக உருவானதே மிடி. 1983 சனவரியில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட்-600 கருவியும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 கருவியும் ஒரே கம்பியில் இணைக்கப்பட்டு இயங்கின. போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகள் ஒரே மொழியில் பேசியது, அக்காலத்தில் பெரிய முன்னேற்றமாகும். இப்பணிக்காக சுமித், காக்கேகாசி இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி இணைப்பு ஐந்து ஊசிகள் கொண்ட வட்டச் செருகியைப் பயன்படுத்தியது. அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட்டுகள். ஓர் இணைப்பில் 16 வழித்தடங்களும், சுரங்களுக்கு 0 முதல் 127 வரை 128 எண்களும் இருந்தன. இந்த அளவுகள் எளிமையானவை. எனவே மலிவான கருவிகளிலும் மிடியைப் பொருத்த முடிந்தது.

1985இல் வெளிவந்த அட்டாரி எசுடி கணினியில் மிடி இணைப்பு உள்ளமைக்கப்பட்டே வந்தது. இதனால் ஐரோப்பாவில் அது இசைக்கலைஞர்களின் விருப்பக் கணினி ஆயிற்று. 1989இல் அக்கணினிக்காகச் செருமனியின் இசுடெயின்பெர்க் நிறுவனம் கியூபேசு மென்பொருளை வெளியிட்டது. அதே கணினியில் சி-லேப் நிறுவனத்தின் நொட்டேட்டர் என்ற மென்பொருளும் புகழ்பெற்றிருந்தது. கருவிகள் ஒன்றுடன் ஒன்று பேசத் தொடங்கியிருந்தாலும், ஒவ்வொரு மென்பொருளும் பாடலைத் தனக்கே உரிய வடிவத்தில் சேமித்தது. கருவிகளின் இடையே நீங்கிய சுவர், கோப்புகளின் இடையே எழுந்தது.

பொது மிடிக் கோப்பு

இச்சுவரில் முதல் வாசலைத் திறந்தது 1988இல் தரப்படுத்தப்பட்ட பொது மிடிக் கோப்பு ஆகும். அமெரிக்காவின் ஆப்கோடு நிறுவனம் உருவாக்கிய வடிவமே இதற்கு அடிப்படை.

இக்கோப்பின் அமைப்பு மிக எளியது. முதலில் 14 பைட்டுகள் கொண்ட தலைப்புப் பகுதி இருக்கும். கோப்பின் வகை, தடங்களின் எண்ணிக்கை, ஒரு கால் சுரத்தை எத்தனை சிறு அலகுகளாகப் பிரிப்பது ஆகிய மூன்று விவரங்களும் அதில் உண்டு. அதன்பின் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பகுதி வரும். அதில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் முன்னால், முந்தைய நிகழ்விலிருந்து எவ்வளவு நேரம் கழித்து இது நடக்க வேண்டும் என்ற எண் எழுதப்பட்டிருக்கும்.

இக்கோப்பு மூன்று வகைப்படும். வகை 0இல் எல்லாச் சுரங்களும் ஒரே தடத்தில் இருக்கும். வகை 1இல் பல தடங்கள் ஒருசேர ஒலிக்கும். வகை 2 தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. இது அரிதாகவே பயன்பட்டது. இன்று மென்பொருள்களுக்கு இடையே சுரங்களைக் கொண்டுசெல்லப் பெரும்பாலும் பயன்படுவது வகை 1. நூற்றுக்கணக்கான சுரங்கள் கொண்ட ஒரு பாடலும் சில பத்து கிலோபைட்டுகளில் அடங்கிவிடுவதால், அக்கால நெகிழ்வட்டிலேயே பல பாடல்களைக் கொண்டுசெல்ல முடிந்தது.

எனினும் இக்கோப்பு சுரங்களை மட்டுமே சுமந்தது. ஒரு கருவியில் வயலினாக ஒலித்த தடம், வேறொரு கருவியில் பறையாக ஒலிக்க நேர்ந்தது. இக்குறையைப் போக்க 1991இல் பொதுமிடி என்னும் கருவிப் பட்டியல் வகுக்கப்பட்டது. அதில் 128 இசைக்கருவிகளுக்கு நிலையான எண்கள் தரப்பட்டன. 1 பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல் என்று அப்பட்டியல் அமைகிறது. இந்திய இசைக்கருவிகளில் சித்தாருக்கு 105ஆம் எண்ணும் செனாய்க்கு 112ஆம் எண்ணும் கிடைத்தன. வீணையும் நாகசுவரமும் இப்பட்டியலில் இல்லை.

கருநாடக இசையைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் உண்டு. மிடியின் சுர எண்கள் பியானோவின் கட்டைகளைப் போல் தனித்தனிப் படிகள். கமகமோ ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்வது. இதை மிடியில் சுரவளைவு என்னும் தனிக் கட்டளையால் காட்டலாம். அதற்கு 16,384 நிலைகள் உள்ளன. ஆனால் அந்த நிலைகள் எத்தனை அரைச்சுர அகலத்தைக் குறிக்கும் என்பது ஒலிக்கும் கருவியின் அமைப்பைப் பொறுத்தது. பெரும்பாலான கருவிகளில் இது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். அனுப்பிய மென்பொருளில் பன்னிரண்டு என வைத்து இசைத்த கமகம், பெறும் மென்பொருளில் இரண்டு என இருந்தால் சுருங்கிவிடும். இராகமே சிதைந்து கேட்கும். கோப்பு சரியாகத் திறந்தும் இசை தவறாவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒலிப்பதிவுக் கோப்புகள்

ஒலியைக் கணினியின் வன்தட்டில் நேரடியாகப் பதியும் வசதி 1980களின் இறுதியில் பரவியது. ஆப்பிள் நிறுவனத்தின் ஏஐஎஃப்எஃப் வடிவம் 1988இலும், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் நிறுவனங்களின் வேவ் வடிவம் 1991இலும் வந்தன. இவ்விரண்டையும் பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்றன. ஆகவே தனியொரு ஒலிக்கோப்பை எடுத்துச் செல்வதில் சிக்கல் குறைந்தது.

ஆனால் பாடல் என்பது ஒரே ஒலிக்கோப்பு அன்று. குரல் 20ஆம் நொடியில் தொடங்குகிறது, வயலின் 47ஆம் நொடியில் நுழைகிறது என்ற இடவிவரம் இல்லாவிட்டால், கோப்புகள் கலைந்துபோன சீட்டுக்கட்டைப் போல ஆகிவிடும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வெளியிட்ட ஒலிபரப்பு வேவ் வடிவம் இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. வழக்கமான வேவ் கோப்புடன் ஒரு கூடுதல் பகுதி இதில் சேர்க்கப்பட்டது. பதிவு செய்தவர், நாள் ஆகியவற்றுடன், நள்ளிரவிலிருந்து எண்ணினால் அந்த ஒலி எத்தனையாவது மாதிரியில் தொடங்குகிறது என்ற எண்ணும் அதில் எழுதப்பட்டது. இதனால் கோப்பு எங்குச் சென்றாலும், தன் இடத்தைத் தானே சொல்லக்கூடியதாயிற்று.

ஓஎம்எஃப், ஏஏஎஃப்

துண்டுகளின் வரிசையையும் சேர்த்தே கொண்டுசெல்லும் தேவை, இசையைவிடத் திரைப்படத் துறையில் முதலில் கடுமையாக உணரப்பட்டது. படத்தொகுப்பாளர் ஒரு மென்பொருளில் படத்தை வெட்டுவார். ஒலிப்பொறியாளர் வேறொரு மென்பொருளில் ஒலியைச் சீர்செய்வார். படத்தொகுப்பு மென்பொருள் நிறுவனமான அவிட் 1990களின் தொடக்கத்தில் ஓஎம்எஃப் என்ற பரிமாற்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. எந்த ஒலித்துண்டு, எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்பதை இது சொன்னது. ஒலிக்கோப்புகளையும் இதற்குள்ளேயே அடக்க முடிந்தது.

ஓஎம்எஃப் கோப்பின் அளவு 2 ஜிகாபைட்டுக்கு மேல் போக முடியாது என்பது அதன் பெரிய வரம்பு. 48,000 மாதிரி வேகத்தில், 24 பிட்டில் பதிவான ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் எடுக்கும். 24 தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாடலுக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் தேவை. அதே தடங்கள் பத்து நிமிடம் நீண்டால் வரம்பு நிரம்பிவிடும்.

இதன் வழித்தோன்றலாக 2000களில் ஏஏஎஃப் வடிவம் பரவியது. இன்றும் திரைப்பட ஒலிப்பணியில் படத்தொகுப்பிலிருந்து ஒலிக்கூடத்துக்குச் செல்வது பெரும்பாலும் ஏஏஎஃப் கோப்பே. ஆனால் இவ்விரண்டும் படத்தொகுப்பின் தேவையிலிருந்து பிறந்தவை. மிடிச் சுரங்களும், விளைவுகளின் அமைப்புகளும், மென்பொருள் இசைக்கருவிகளும் இவற்றின் வழியே செல்வதில்லை. இசையமைப்பாளருக்கு இது பாதி வழிதான்.

செருகுநிரல்களும் புதிய தடையும்

1996இல் இசுடெயின்பெர்க் நிறுவனம் விஎசுடி என்னும் செருகுநிரல் முறையை அறிமுகப்படுத்தியது. எதிரொலி, ஒலிச்சமன் போன்ற விளைவுகளைத் தனித்தனிச் சிறு மென்பொருள்களாக எழுதிக் கியூபேசுக்குள் பொருத்த இது வழிவகுத்தது. 1999இல் இசைக்கருவிகளும் இம்முறையில் சேர்ந்தன. வெளியே தனிப் பெட்டியாக இருந்த கருவிகள் கணினிக்குள் புகுந்தன.

இதனால் ஒலிக்கூடச் செலவு பெரிதும் குறைந்தது. ஆனால் பரிமாற்றச் சிக்கல் கூடியது. கியூபேசு விஎசுடி முறையை ஏற்கிறது. ஆப்பிளின் லாஜிக் ஆடியோ யூனிட் முறையை ஏற்கிறது. புரோ டூல்சு 2011 முதல் ஏஏஎக்சு என்ற தன் சொந்த முறையைப் பயன்படுத்துகிறது. ஒரே செருகுநிரல் மூன்று முறைகளிலும் விற்கப்பட்டாலும், ஒரு மென்பொருளில் செய்த அமைப்பு மற்றொன்றுக்குத் தானாகச் செல்வதில்லை. மேலும், பெறுபவரின் கணினியில் அதே செருகுநிரல் நிறுவப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் அந்தத் தடம் ஒலியற்றுக் கிடக்கும்.

மென்பொருள்கள் நின்றுபோனபோது

கோப்புப் பரிமாற்றம் வெறும் வசதி அன்று, பாதுகாப்பும் ஆகும் என்பதை மென்பொருள் நிறுவனங்களின் வரலாறு காட்டுகிறது.

பொது மிடிக் கோப்புக்கு அடித்தளமிட்ட ஆப்கோடு நிறுவனமே இதற்கு முதல் எடுத்துக்காட்டு. மிடியையும் ஒலிப்பதிவையும் ஒரே திரையில் இணைத்த தொடக்கால மென்பொருள்களில் ஒன்றான சுடுடியோ விசன் அதன் படைப்பு. 1998இல் அந்நிறுவனத்தை கிப்சன் நிறுவனம் வாங்கியது. சில காலத்திலேயே அதன் மென்பொருள்களின் வளர்ச்சி நின்றது.

2002 சூலையில் ஆப்பிள் நிறுவனம், லாஜிக் மென்பொருளை உருவாக்கிய செருமனியின் இமேஜிக் நிறுவனத்தை வாங்கியது. அத்துடன் விண்டோசுக்கான லாஜிக் கைவிடப்பட்டது. விண்டோசு பயனர்கள் மேக் கணினிக்கு மாற வேண்டும், அல்லது பழைய பதிப்பிலேயே நிற்க வேண்டும், அல்லது தம் பாடல்களை மிடியாகவும் ஒலிக்கோப்பாகவும் பிரித்து வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற நிலை உருவானது.

2017 நவம்பரில், தன்னிடமிருந்த கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக கிப்சன் அறிவித்தது. இம்முறை பயனர்களுக்கு நல்வாய்ப்பு அமைந்தது. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் அதன் உரிமைகளை வாங்கி, மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. வேறொரு நிறுவனம் முன்வந்ததால் மட்டுமே பழைய கோப்புகள் தொடர்ந்து திறந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

இசைக்குறிப்புத் துறையில் ஒரு மாற்று அனுபவம்

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்களில் நிலைமை வேறுவிதமாக அமைந்தது. அமெரிக்காவின் மைக்கேல் குட் என்பவர் நிறுவிய ரெக்கார்டேர் நிறுவனம் 2004இல் மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. மிடி சுரத்தின் ஒலிப்பை மட்டுமே சொல்லும். தாளில் அச்சுரம் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, அதன் கீழ் எந்தப் பாடல் வரி வருகிறது என்பவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல் சொல்லும். 2015இல் இவ்வடிவத்தின் பொறுப்பு உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் சமூகக் குழுவிடம் சென்றது.

இதன் பயன் 2024இல் தெரிந்தது. 1988 முதல் வழக்கிலிருந்த ஃபினாலே என்ற புகழ்பெற்ற இசைக்குறிப்பு மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக, அதன் உரிமையாளரான மேக்மியூசிக் நிறுவனம் அவ்வாண்டு ஆகத்து மாதம் அறிவித்தது. முப்பதாண்டுக் கால இசைக்குறிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தோர் திகைத்தனர். ஆனால் ஃபினாலே கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல்லாக மாற்றி டோரிக்கோ, சிபேலியசு, மியூசுகோர் போன்றவற்றில் திறக்க முடிந்தது. பக்க அமைப்பில் சில திருத்தங்கள் தேவைப்பட்டாலும், சுரங்களும் வரிகளும் பிழைத்தன. பொதுவடிவம் இருந்த துறைக்கும் இல்லாத துறைக்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகிறது.

டாப்ராஜெக்ட்

இசைத் தயாரிப்பு மென்பொருள்களுக்கும் அத்தகைய ஒரு வடிவம் 2023 செப்டம்பரில் வந்தது. செருமனியின் பிட்விக் நிறுவனமும் அமெரிக்காவின் பிரிசோனசு நிறுவனமும் இணைந்து டாப்ராஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. பிட்விக் சுடுடியோவும் சுடுடியோ ஒன்னும் இதை முதலில் ஏற்றன. பின்னர் கியூபேசின் 14ஆம் பதிப்பிலும் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

டாப்ராஜெக்ட் கோப்பு உண்மையில் ஒரு சுருக்கப்பட்ட பெட்டகம். அதற்குள் பாடலின் அமைப்பை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு, ஒலிக்கோப்புகள், ஒவ்வொரு செருகுநிரலின் நிலை ஆகியவை அடங்கும். சுரங்கள், ஒலித்துண்டுகள், ஒலி அளவுகளின் மாற்றங்கள் என மூன்று அடுக்குகளும் ஒன்றாகச் செல்வதே இதன் சிறப்பு.

இதற்கும் எல்லை உண்டு. பெறுபவரிடம் செருகுநிரல் இல்லையெனில் அதன் ஒலியும் இல்லை. ஒரு மென்பொருளுடன் உள்ளிணைந்து வரும் சிறப்புக் கருவிகள் மற்றொன்றில் இயங்கா. எல்லா நிறுவனங்களும் இவ்வடிவத்தை ஏற்கவும் இல்லை.

பொதுவடிவத்தை எதிர்பார்க்காமல் சில மென்பொருள்கள் தம் சொந்தக் கோப்புகளை ஓரளவு படிக்கத்தக்கனவாக வைத்துள்ளன. ரீப்பரின் திட்டக்கோப்பு சாதாரண உரைக்கோப்பு. அதை எளிய உரைத்தொகுப்பியில் திறந்து படிக்கலாம். ஏபிள்டன் லைவின் கோப்பு சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் ஆகும்.

பாதுகாப்பு நடைமுறை

கிராமி விருதுகளை வழங்கும் அமெரிக்க ஒலிப்பதிவுக் கழகத்தின் தயாரிப்பாளர், பொறியாளர் பிரிவு, முடிந்த இசைத்திட்டங்களை எவ்வாறு ஒப்படைப்பது என்பதற்கான பரிந்துரைகளை வெளியிட்டுள்ளது. திட்டக்கோப்பை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு தடத்தையும் தொடர்ச்சியான ஒரே ஒலிபரப்பு வேவ் கோப்பாக மாற்றிச் சேமிப்பது அதன் மையக் கருத்து.

இந்நடைமுறையைப் பின்பற்றுவோர் பொதுவாகச் செய்பவை பின்வருமாறு:

1. எல்லாத் தடங்களும் பாடலின் முதல் நொடியிலிருந்தே தொடங்குமாறு முழுநீள வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்தல். குரல் மூன்றாம் நிமிடத்தில் வந்தாலும், அதற்கு முன்னுள்ள அமைதியும் கோப்பில் இடம்பெறும். எந்த மென்பொருளிலும் இவற்றை ஒரே தொடக்கத்தில் அடுக்கினால் பாடல் சேர்ந்துவிடும்.

2. விளைவுகளுடன் ஒரு படியும், விளைவுகள் இல்லாமல் ஒரு படியும் வைத்தல். முன்னது பாடலின் ஒலியைக் காக்கும். பின்னது மறுகலவைக்கு இடமளிக்கும்.

3. சுரத் தடங்களை வகை 1 மிடிக் கோப்பாகச் சேமித்தல். சுரவளைவின் அகலத்தைத் தனியே குறித்து வைத்தல்.

4. பாடலின் வேகம், தாளம், சுருதி, மாதிரி வேகம், பயன்படுத்திய செருகுநிரல்களின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றை ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்தல்.

5. கோப்புப் பெயர்களில் இசைக்கருவியின் பெயரைத் தெளிவாக இடுதல்.

முடிவுரை

1983இல் இரண்டு போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரு கம்பியில் இணைந்தன. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, இரண்டு போட்டி நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒரு கோப்பில் இணைந்தன. இவ்விரண்டுக்கும் இடையிலான காலத்தில் மிக நீண்டு நிலைத்தவை, குறைந்த தகவலைச் சுமந்த எளிய வடிவங்களே. 1988இன் மிடிக் கோப்பையும் 1991இன் வேவ் கோப்பையும் இன்றைய மென்பொருள்கள் தயக்கமின்றித் திறக்கின்றன. அவற்றை உருவாக்கிய காலத்து மென்பொருள்களின் சொந்தத் திட்டக்கோப்புகளைத் திறப்பதற்கோ, பெரும்பாலும் அக்காலக் கணினியையே தேட வேண்டியுள்ளது. ஒரு பாடலை இசையமைப்பாளருக்குப் பின் வருவோரும் எடுத்துப் பயன்படுத்த வேண்டுமானால், அதை ஏற்றுமதி செய்து வைப்பதும் இசையமைக்கும் பணியின் ஒரு பகுதியே ஆகும்.